பூட்டியாச்சு என்றார் ஷாமளா

கூலிமில் ஷாமளா என்று விசாரித்தால் பல வீடுகளைக் காட்டுவார்கள். தையல்கார ஷாமளா இருக்கிறார். நாசி லெமாக் சோறு விற்கிற ஷாமளா இருக்கிறார். கோயில் கமிட்டியில் சண்டை போட்டு வெளியேறி, இன்னொரு சண்டை போட்டு உள்ளே வந்த ஷாமளாவும் இருக்கிறார். பூட்டு ஷாமளா என்று கேட்டால்தான் ஒரே வீடு. வெளிக்கேட்டில் ஒரு பூட்டு, செருப்பு அலமாரியில் ஒரு பூட்டு, கேஸ் தோங், அதாவது சிலிண்டர், வைத்த கூண்டில் ஒரு பூட்டு. திருட வருகிறவன் ஓவர்டைம் போட்டுத்தான் வேலையை முடிக்க வேண்டும்.

பட்டப்பெயரைக் கேட்டதும் ஆள் கஞ்சம் போலிருக்கிறது, அல்லது வாயைத் திறக்கமாட்டார் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வாயைப் பற்றி அவருடைய கணவர் யோகேஸ்வரன் சொன்னது இது: அதற்குத் தோதான பூட்டு இன்னும் கடைக்கு வரவில்லை. யோகேஸ்வரன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் அத்தனை பேரும் பின்னால் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுப் பழகியவர். அவரே சொல்கிறார் என்றால் நம்பலாம்.

ஷாமளா ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணு ஆலையில் டெக்னீஷியன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆப்பரேட்டராகச் சேர்ந்து, மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்தபடியே சில வருடங்களை ஓட்டினார். பிறகு சாயங்கால வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி டெக்னீஷியன் ஆனார். முன்னேற வேண்டும் என்ற வேட்கை, தடைகளைத் தகர்த்த துணிச்சல் என்றெல்லாம் மகளிர் தின மேடையில் அவரைப் பற்றிப் பேசினார்கள். அவரிடம் கேட்டால் காரணம் வேறு. ஆப்பரேட்டர் டாய்லெட்டுக்குப் போக லைன் லீடரிடம் அனுமதி கேட்க வேண்டும். டெக்னீஷியன் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போனால் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஆலையில் எல்லா மதத்தவரும் சேர்ந்து பயபக்தியோடு நடத்துகிற ஒரே சடங்கு, பூட்டு மாட்டுவது. இயந்திரத்துக்குள் கை வைக்கப் போகிறவர் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திய சுவிட்சின் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டை மாட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டில் அவருடைய பெயரும் படமும் தொங்கும். அவரே வந்து திறக்கிற வரைக்கும் மேனேஜர் வந்தாலும், மேனேஜருக்கு மேனேஜர் ஜப்பானில் இருந்து வந்தாலும் அந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது. ஒருவர் இயந்திரத்துக்குள் கையை விட்டிருக்கும்போது, வேறு யாரோ எங்கோ நின்று சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இத்தனையும்.

ஷாமளாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பவே பிடித்துப்போனது. பூட்டில் தொங்கும் அட்டைக்குப் பாஸ்போர்ட் படம் கேட்டார்கள். அவர் கல்யாண ஆல்பத்தில் இருந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தார். நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ, அதற்குக் கீழே சிவப்புக் கொட்டை எழுத்தில் ‘பஹாயா’, அதாவது ஆபத்து. இந்த விவரத்தைத் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே யாராவது எழுதி மாட்டியிருக்கலாம் என்று யோகேஸ்வரன் வருத்தப்பட்டார்.

சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு சாயங்காலம் சமையலறைக் காற்றாடியைக் கழற்றப் போனவர், வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினார். பாதி வேலையில் ஒரு ஸ்குரு தேவைப்பட்டது. ஸ்குரு வாங்கக் கடைக்குப் போனார். போகிற வழியில் பசார் மாலாம், இரவுச் சந்தை. சாவி அவருடைய ஜீன்ஸ் பையில். மலேசியா பெனால்டி அடிக்கத் தயாராக நின்ற நேரத்தில் யோகேஸ்வரனின் டி.வி. அணைந்திருந்தது. அந்தப் பந்து உள்ளே போனதா இல்லையா என்பதை அவர் அப்பம் பாலிக் பொட்டலத்தோடு வந்த மனைவியிடம்தான் தெரிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட ஷாமளாவைத்தான் திகாம் பத்து ஊர் மாணிக்கவாசகம் தன் மசாலா ஆலைக்குக் கூப்பிட்டார்.

மாணிக்கவாசகத்துக்குப் பெரிய ரோட்டு ஓரத்தில் மளிகைக் கடை. மளிகையோடு வாளி, விளக்குமாறு, பூட்டும் விற்பார். கடைக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. கிடங்கைத் தாண்டினால் ஆலை. மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் அங்கே அரைபட்டு, ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரிய ஒரு மிக்சரில் கலந்து, பாக்கெட்டில் ஏறி ஊர் ஊராகப் போகும். எப்போது எதைக் கொட்டுவது, எவ்வளவு நேரம் கலப்பது என்று மோட்டார்களுக்குக் கட்டளை போடுவது, சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன மூளை. படித்தவர்கள் அதைப் பி.எல்.சி. என்பார்கள். ஆலையில் அதன் பெயர் பொட்டி. மெயின் சுவிட்ச் ஏறினால் போதும், பொட்டி விட்ட இடத்தில் இருந்து தானாகவே ஓட்டத் தொடங்கிவிடும்.

தவுக்கேக்கு, அதாவது முதலாளி மாணிக்கவாசகத்துக்கு, ஒரு மனக்குறை. சுங்கை பட்டாணியில் இருக்கும் அவருடைய சம்பந்தி கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். பண்ணையைக் கைத்தொலைபேசியில் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டு, கல்யாணம் கருமாதி என்று எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரருக்குத் தன் கோழிகளைக் காட்டுவார். கோழிகள் சும்மாதான் நடக்கும். இருந்தாலும் பார்க்கிற மாணிக்கவாசகத்துக்குச் சோறு இறங்காது. தன் ஆலையும் தன் தொலைபேசியில் ஓட வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்குப் பொட்டியில் ஒரு நெட்வொர்க் கார்டு பொருத்த வேண்டும். பொட்டி அதன் வழியாகத்தான் வெளியுலகத்தோடு பேசும்.

ஷாமளா முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டார். தொலைபேசியில் ஆலையைப் பார்க்கலாம், ஓட்டக் கூடாது. தவுக்கேக்கு முகம் தொங்கிவிட்டது. சம்பந்தியின் கோழிகளை யாரும் தொலைபேசியில் நிறுத்தி ஓட்ட முடியாதே, அங்கேதான் அவரை ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். கடை வைஃபையில் சேர்த்துவிட்டால் போதுமே என்றும் கேட்டுப் பார்த்தார். கடை வைஃபையின் கடவுச்சொல் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. சீரகம் வாங்க வந்தவன் மிக்சரையும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போவான், பரவாயில்லையா என்று ஷாமளா கேட்டார். ஆலைக்குத் தனி லைன் வந்தது.

ஆலையில் வேலை பார்ப்பவர்களில் நமக்கு வேண்டியவர்கள் இருவர். ஒருவர் காளிதாசன், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். ரப்பர்த் தோட்டத்துப் பட்டறையில் வேலை பழகியவர். எது நின்றாலும் ஒரு தட்டு தட்டுவார், ஒரு ஊது ஊதுவார், ஓடிவிடும். இன்னொருவர் பாப்பம்மா. காளிதாசன் அவரைச் சின்னம்மா என்பார். ரத்த உறவில்லை, ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடு. மிளகாய்த்தூள் முடிந்து குருமாத்தூள் தொடங்கும்போது மிக்சரைக் கழுவித் துடைப்பது பாப்பம்மாவின் வேலை. அதற்கு அவர் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் வாய் வழியாக மிக்சருக்குள் இறங்க வேண்டும். உள்ளே அவரைச் சுற்றி, முழங்கால் உயரத்தில், கலக்குகிற இரும்பு இறக்கைகள்.

தீபாவளிக்கு ஆர்டர்கள் குவிந்திருந்த ஒரு காலைப்பொழுதில், தன் ஓய்வு நாளில், ஷாமளா வந்து சேர்ந்தார். காளிதாசன் முன்பக்கம் லாரியில் இருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஷாமளா யாரையும் தொந்தரவு செய்யாமல் கடையின் பின்சுவரில் இருந்த ஆலையின் மெயின் சுவிட்சை இறக்கினார். தன் சிவப்புப் பூட்டை மாட்டினார். மணப்பெண் கோலத்தில் தானே அதில் தொங்கினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிடங்கைத் தாண்டி ஆலைக்குப் போய், ஓட்டும் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பெட்டியைத் திறந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். உயிர் இல்லை. அப்புறம்தான் கையை உள்ளே விட்டார்.

உள்ளே எல்லாம் மிளகாய்த்தூள். ஊதினால் கண் போய்விடும். பேட்டரி வேக்குவம் வைத்துப் பொறுமையாக உறிஞ்சினார்.

மின்சாரம் நின்றது பாப்பம்மாவுக்கு வசதியாகிவிட்டது. குருமாவுக்குக் கழுவ வேண்டும், இப்போதே இறங்கட்டுமா என்று ஷாமளாவிடம் கேட்டார். ஷாமளா சாவியை எடுத்துக் காட்டி, இது என்னிடம் இருக்கிறவரைக்கும் உள்ளே பாயைப் போட்டுத் தூங்கலாம் என்றார். பாப்பம்மா துடைப்பத்தோடு இறங்கினார். வெளியே தெரிந்தது அவருடைய தலைத்துண்டின் முடிச்சு மட்டும்தான். ஷாமளா மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதிலிருந்து போன சுருள் கயிற்றைப் பெட்டியின் இரும்பில் கவ்வ விடுவதை, முடிச்சு மெல்ல உயர்ந்து எட்டிப் பார்த்தது.

“என்னாம்மா அது, கோயில் கயிறா?”

“இல்லக்கா. நம்ம ஒடம்புல கண்ணுக்குத் தெரியாத கரண்டு இருக்கும். சும்மா கார்டத் தொட்டா கார்டு செத்துரும். இது கட்டிக்கிட்டா அந்தக் கரண்டு மண்ணுக்குப் போயிரும்.”

பாப்பம்மா யோசித்தார். “சாமி கயிறு நம்மளக் காப்பாத்தும். இது கார்டக் காப்பாத்துது. கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான்லா.”

அந்த நேரத்தில் ஷாமளாவின் தொலைபேசி ஒலித்தது. காளிதாசன், கடையில் இருந்து. பக்கத்தில் தவுக்கே. பினாங்குக்குப் போக வேண்டிய சரக்கு ஏறாமல் லாரிக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார்.

“பூட்டியாச்சா தங்கச்சி?”

“பூட்டியாச்சுண்ணே. நல்லா இழுத்துப் பாத்துட்டேன். அசையாது.”

தொலைபேசியைத் தூரமாக ஒரு மூட்டை மேல் வைத்துவிட்டு ஷாமளா வேலைக்குத் திரும்பினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. காளிதாசனின் பட்டறைத் தமிழில் பூட்டுவது என்றால் பொருத்துவது. அவர் டயர் பூட்டுவார், காற்றாடி பூட்டுவார், கல்யாண வீட்டில் சீரியல் பல்பு பூட்டுவார். அவர் கேட்டது, கார்டைப் பொருத்தியாயிற்றா என்று. ஹைடெக் பூங்காவில் பூட்டைத் தவிர வேறு எதையும் பூட்டாத ஷாமளா சொன்னது, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டாயிற்று என்று. இரண்டும் நல்ல தமிழ். அகராதியை எடுத்தால் இருவரும் நூற்றுக்கு நூறு. அதனால் இருவருக்கும் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்திருந்தால் வம்பு வந்திருக்காது.

பூட்டியாச்சாம் என்று காளிதாசன் சொன்னதும், அப்புறமென்ன, சுவிட்சைப் போடு என்றார் தவுக்கே. காளிதாசன் பின்சுவருக்குப் போனார். கைப்பிடியில் ஒரு மணப்பெண் தொங்கிக்கொண்டிருந்தாள். படத்தை உற்றுப் பார்த்தவர், ஷாமளாவின் திருமணம் சிறப்பாக நடந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டார். வேலை முடிந்ததும் பூட்டை எடுக்க மறந்துவிட்டது போலும் என்று நினைத்து மறுபடி அழைத்தார். மூட்டை மேல் கிடந்த தொலைபேசி தனக்குத்தானே பாடி ஓய்ந்தது. இரு கையும் பெட்டிக்குள் இருந்த ஷாமளா திரும்பவில்லை. நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். கிடங்கைச் சுற்றி நடக்க வேண்டும், லாரிக்காரர் ஹார்ன் அடிக்கிறார், தவுக்கே சுடா சுடா, ஆச்சா ஆச்சா என்கிறார். காளிதாசன் கிரைண்டரை எடுத்துக் கடைப் பக்கத்து பிளக்கில் சொருகினார். அது வேறு லைன், அதில் கரண்டு இருந்தது.

ஷாமளா அப்போது கார்டின் தங்கக் கால்களில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, பெட்டிக்குள் அது வழுக்கிப் போக வேண்டிய சின்னத் தண்டவாளத்துக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு அறுபடும் சத்தம் கேட்டது. பக்கத்து மோட்டார் பட்டறையாக இருக்கும் என்று விட்டுவிட்டார். சத்தம் நின்றது. தவுக்கேயின் குரல், “அறுந்துச்சா?” என்று கேட்டது.

பக்கத்துப் பட்டறையில் தவுக்கேக்கு என்ன வேலை?

கார்டை உறைக்குள் போட்டுவிட்டு, பாப்பம்மாவை வெளியே வரச்சொல்லிக் கத்திக்கொண்டே ஷாமளா ஓடினார். ஓடினார் என்று சொல்லக் கூடாது, ஓடப் பார்த்தார். மணிக்கட்டுக் கயிறு பெட்டியைக் கவ்விக்கொண்டிருந்தது. சுருள் கயிறு நீள வேண்டிய மட்டும் நீண்டு, அவரைச் சுண்டி இழுத்துப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. கவ்வியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஓடினார். மிக்சருக்குள் பாப்பம்மா ஏற முயன்றுகொண்டிருந்தார். இறங்குவது சுலபம். ஏறுவதற்கு ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும், அந்த ஆள்தான் எப்போதும் காளிதாசன்.

கிடங்கு முனை திரும்பியபோது கிரைண்டர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, பூட்டின் வளையம் முக்கால்வாசி அறுபட்டிருந்தது. கண்ணுக்குப் பாதுகாப்பாகக் காளிதாசன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஷாமளா பிளக்கைப் பிடுங்கினார். கிரைண்டர் முனகி நின்றது.

“என்னாண்ணே செய்றீங்க?”

“நீதானே தங்கச்சி பூட்டியாச்சுன்னு சொன்ன.”

“பூட்டியாச்சுன்னுதான் சொன்னேன். பூட்டியிருக்குல்ல? அத ஏன் அறுக்கிறீங்க?”

“கார்டு பூட்டியாச்சுன்னா அப்புறம் எதுக்கு இந்தப் பூட்டு?”

“கார்டு எங்கண்ணே பூட்டுனேன்? கார்டு இன்னும் உள்ளயே போகல.”

தவுக்கே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பூட்டினால் பூட்டவில்லை, பூட்டாவிட்டால் பூட்டியிருக்கிறது, என்ன கருமம் இது என்பது போல அவர் முகம் இருந்தது. காளிதாசன் சிரிக்கத் தொடங்கினார். நல்ல கூத்து என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அப்போது ஷாமளா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“பாப்பம்மாக்கா மிக்சருக்குள்ள இருக்காங்க.”

காளிதாசன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கிரைண்டரைத் தரையில் வைத்தார். பக்கத்தில் இருந்த சீரக மூட்டையில் உட்கார்ந்தார். பிறகு எதற்காக உட்கார்ந்தோம் என்பதே தெரியாதவர் போல எழுந்து ஆலைப் பக்கம் ஓடினார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். மிக்சரின் வாயில் பாப்பம்மாவின் இரண்டு கைகளும் தலைத்துண்டு முடிச்சும் தெரிந்தன. காளிதாசன் ஸ்டூலில் ஏறி அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி இறக்கினார். இறக்கிய பிறகும் கையை விடவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் பாப்பம்மா மிக்சரைத் திரும்பிப் பார்த்தார். புருவத்தில் இருந்து கழுத்துவரை மிளகாய்ச் சிவப்பு. அழுதாரா, மிளகாய்க் கண்ணீரா என்று தெரியவில்லை. அவரும் சொல்லமாட்டார்.

“யாரு, நீயாடா போடப் போன?”

“நீங்க உள்ள இருக்கிறது தெரியல சின்னம்மா.”

“நீதான் தெனம் தூக்கி விடுற. நீயே அரைச்சிருந்தா யாரு வந்து தூக்கிவிடுவா?”

கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் தூள் பறந்து, எல்லாரும் தும்மினார்கள். தவுக்கே தும்மிக்கொண்டே லாரிக்காரரிடம் போய், இன்றைக்குப் போ, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு லாரியைக் காலியாக அனுப்பியது அதுவே முதல்முறை என்று சொல்கிறார்கள்.

வேலை மறுபடி ஆரம்பத்தில் இருந்து நடந்தது. கடையில் இருந்து புதுப் பூட்டு வந்தது. யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டே செய்தார்கள். ஷாமளா ஒரு சட்டம் போட்டார்: இந்த ஆலையில் இனிமேல் அந்த ஒரு வார்த்தை கிடையாது. சுவிட்சுக்கு லாக். கார்டுக்கு மாட்டு. காளிதாசன் ஒத்துக்கொண்டார், ஆனால் வாய் கேட்கவில்லை. அந்த வார்த்தை நுனி நாக்குக்கு வரும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கார்டு தண்டவாளத்தில் வழுக்கிப் போய் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. மேலும் கீழும் ஸ்குருவை முடுக்கி, நெட்வொர்க் கேபிளை மோட்டார்களின் தடித்த வயர்களோடு உரசாமல் தனி வழியில் இழுத்து, பெட்டிக் கதவைச் சாத்தினார் ஷாமளா. எல்லாரையும் தன் கண்ணெதிரே சுவர் ஓரமாக வரிசையில் நிற்க வைத்தார், தவுக்கே உட்பட. பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டாதவர்களை நிறுத்துவது போல இருந்தது. பிறகுதான் போய் லாக்கை எடுத்தார்.

கார்டில் பச்சை விளக்கு துடித்தது. தவுக்கேயின் தொலைபேசியில் ஆலை வந்தது: மிக்சர், அரவை, பாக்கெட், எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக. கோழிகளைவிட நன்றாக இருக்கிறது என்று அவர் மகிழ்ந்து போனார். விரலால் மிக்சரின் மேல் இரண்டு முறை தட்டியும் பார்த்தார். ஓட்டும் பொத்தான் இல்லை. ஷாமளா பக்கம் நிமிர்ந்தவர், பாப்பம்மாவின் சிவப்பு முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பாப்பம்மாவுக்கு அதோடு மனம் ஆறவில்லை. இந்தப் பொண்ணு இன்றைக்கு வந்தது, நாளைக்கு அது வராது, நான்தான் இறங்குவேன், எனக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றார். தவுக்கே ஆலைக்குப் பொதுவாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஷாமளா தன் பையில் இருந்து ஒரு கொண்டியை எடுத்துச் சுவிட்சில் மாட்டிக் காட்டினார். அதில் வரிசையாக ஓட்டைகள். உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு பூட்டு மாட்டலாம், கடைசிப் பூட்டு கழலும்வரை சுவிட்ச் ஏறாது.

பாப்பம்மா கடைக்குள் போய்ப் பூட்டுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றைச் சின்னது என்றார், இன்னொன்றைச் சீனச் சரக்கு என்று தள்ளினார். கடைசியில் கோயில் உண்டியலுக்குப் போடுகிற மாதிரி ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தார். படம் ஒட்டித் தொங்கவிட வேண்டும் என்று ஷாமளா சொன்னபோது, தனக்குக் கல்யாணப் படம் எல்லாம் இல்லை, ஐ.சி. என்கிற அடையாள அட்டைப் படம்தான் இருக்கிறது, அதைப் பார்த்தால் பயலுகள் கிட்டவே வரமாட்டார்கள் என்றார். சாவிகளை வளையத்தோடு கைலி மடிப்பில் சொருகினார்.

தவுக்கே தயங்கித் தயங்கிக் கேட்டார். “அதுல ரெண்டு சாவி இருக்குமே. ஸ்பேர் ஒன்னு கடையில இருக்கட்டுமா? அவசரம்னா தொறக்க?”

பாப்பம்மா மடிப்பை இன்னொரு சுற்று இறுக்கினார்.

“அதுவும் என்னோட உள்ளதான் இருக்கும் மொதலாளி. அவசரம்னா மேல நின்னு கூப்பிடுங்க. நான் வந்து தொறக்குறேன்.”